நானூறு அறைகளில் ஒரு டீச்சர்

“உங்க மூளைதான் டீச்சர் என்னையப் பிடிச்சுக் குடுத்திருக்கு. நான் என்ன செஞ்சேன்னு நீங்களே சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, கட்டியிருந்த பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் குக்கரைத் திறக்கப்போன ஜெபக்கனி டீச்சரை வாசலுக்கு வரவழைத்து இப்படிக் கேட்டவளுக்கு முப்பத்தொன்பது வயது. பெயர் முத்துப்பேச்சி. திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் மீட்டர் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிற வேலை, பத்தொன்பது வருடமாக. கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் இருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். குரல் நடுங்கவில்லை, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அழாமல் நியாயம் கேட்கிறவர்கள்மேல் டீச்சருக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. இவள் யார் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

கடிதம் பணித்தேர்வு வாரியத்திலிருந்து வந்தது. எழுத்தர் தேர்வில் முறைகேடு. ‘விழிப்பு’ என்கிற கண்காணிப்பு அமைப்பு கொடுத்த சந்தேக மதிப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. ஐந்து வருடம் தடை. அந்தத் தேர்வுக்கு வயது வரம்பு நாற்பது என்பது டீச்சருக்குத் தெரியும். ஐந்து வருடத் தடை என்றால் முத்துப்பேச்சிக்கு ஆயுள் தடை. ஏழு தடவை எழுதித் தோற்று, எட்டாவது தடவை நன்றாக எழுதியிருக்கிறாள், அதுதான் கடைசி. மதுரை அலுவலகத்தில் மேல்முறையீடு செய்யப் பதினைந்து நாள் அவகாசம் உண்டு. அதில் ‘மூல வல்லுநர்’ நேரில் வந்து பதிவைப் பார்க்கவேண்டும் என்று மனுதாரர் கேட்கலாம். மூல வல்லுநர் வேறு யாருமில்லை, ஜெபக்கனி டீச்சர்தான்.

அது எப்படி என்று சொல்லவேண்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப்பள்ளியில் விலங்கியல் நடத்துகிற டீச்சர், இருபத்தெட்டு வருடமாகத் தேர்வு அறைக் கண்காணிப்பாளராகவும் போய்வருகிறவள். பள்ளிப் பரீட்சை, வேலைக்கான பரீட்சை, எதுவென்றாலும் டீச்சர் அறைக்குள் வந்துவிட்டாள் என்றால் பிட்டு வைத்திருப்பவன் அதை எங்கே ஒளிக்கலாம் என்று தேடுவான். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கண் அப்படி. அறுபது தலைக்கு நடுவில் ஒருத்தன் கைக்குட்டையை எடுக்கிற தினுசிலேயே கண்டுகொள்வாள். எப்படித் தெரிகிறது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று ‘டக்’ என்று சொல்லும் என்பாள், அவ்வளவுதான்.

ஆனால் டக் என்றதும் பாய்ந்துபோய்ப் பிடிக்கிற ஆள் இல்லை. அந்தப் பெஞ்சுப் பக்கமாக நடந்துபோய், “முகமெல்லாம் வேர்த்திருக்கே, வெளிய போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க” என்பாள். வராந்தாவில் தண்ணீர்க் கேன் இருக்கும். பக்கத்தில் குப்பைக்கூடை இருக்கும். போனவன் என்னத்தை எடுத்துப் போட்டான் என்று எட்டிப்பார்க்கமாட்டாள். திரும்பி வந்தபிறகும் அந்த டக் அடங்காவிட்டால்தான் சோதனை. இருபத்தெட்டு வருடத்தில் இப்படித் தண்ணீர் குடித்தவர்கள் மூவாயிரம் பேராவது இருப்பார்கள். டீச்சர் மேலிடத்துக்கு எழுதிக்கொடுத்துப் பிடிபட்டவர்கள் பதினொரு பேர். ‘ஜெபக்கனி டீச்சர் தண்ணி’ என்றால் பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்குப் புரியும், மீதிப் பேர் குடித்தவர்களாக இருப்பார்கள்.

இந்தப் பேர் சென்னை வரைக்கும் போயிருக்கிறது. நான்கு வருடம் முன்பு டாக்டர் சாருலதா என்று ஒரு பெண் வந்தாள். மூளை ஆராய்ச்சிக்காரி, முப்பத்தைந்து வயது, பணிவான பேச்சு. செயற்கை நுண்ணறிவுக்கு ஆயிரம் விஷயம் சொல்லிக்கொடுத்துவிட்டோம், சந்தேகப்படச் சொல்லிக்கொடுக்க மட்டும் முடியவில்லை என்றாள். சந்தேகம் எதனால் வருகிறது என்று மனிதர்களாலேயே சொல்ல முடியாதபோது மெஷினுக்கு எப்படிச் சொல்வது? அதனால் சொல்லவே வேண்டாம், மூளையிலிருந்தே நேராக எடுத்துக்கொள்கிறோம் என்றாள். தலைமுடிக்குள் மறைகிற மாதிரி ஒரு மெல்லிய பட்டை, மூக்குக்கண்ணாடியில் பொடிக் கேமரா. டீச்சர் எதைப் பார்க்கிறாள், பார்க்கும்போது மூளை எப்போது குதிக்கிறது, இரண்டையும் சேர்த்துச் சேர்த்து மெஷினுக்கு ஊட்டுவார்கள். மூன்று பரீட்சைக் காலம் டீச்சர் அதை மாட்டிக்கொண்டு அறைகளில் நடந்தாள். ஒப்புதல் தாளில் பதினாறு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். எதையும் வாசித்துப் பார்க்கவில்லை.

போன வருடம் வாரியம் அதற்கு ‘விழிப்பு’ என்று பேர் வைத்து நானூறு அறைகளில் கூரையில் மாட்டியது. பேப்பரில் டீச்சரின் படம் வந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். டீச்சரின் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற தேவசகாயம், அந்தப் படத்தை வெட்டி பிரிட்ஜில் ஒட்டினார். டீச்சருக்கும் பெருமைதான், இல்லை என்று சொன்னால் பொய். ஒரே நேரத்தில் நானூறு அறையில் நிற்பது யாருக்கு வாய்க்கும்?

இப்போது அந்த நானூறில் ஒன்று வாசலில் வந்து நியாயம் கேட்கிறது.

டீச்சர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். கேள்விமேல் கேள்வி கேட்டாள். யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், பையில் என்ன இருந்தது, போன் எங்கே வைத்தாய், கோச்சிங் சென்டரில் ஏதாவது சொல்லிக்கொடுத்தார்களா என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். முத்துப்பேச்சி எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி, சுருக்கமாகப் பதில் சொன்னாள். அது டீச்சருக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. உண்மை பேசுகிறவர்கள் இடையில் ஒரு தடவையாவது உளறுவார்கள். கடைசியில் டீச்சர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள்.

“இங்க பாரும்மா. நான் மதுரைக்கு வாரேன். உனக்குப் பரிஞ்சு பேசதுக்கு இல்ல. அந்த மெஷின் என் கண்ணால என்னத்தப் பாத்துச்சுன்னு எனக்குத் தெரியணும். நீ செஞ்சிருந்தா, செஞ்சேன்னுதான் சொல்லுவேன்.”

“அதுபோதும் டீச்சர்,” என்றாள் முத்துப்பேச்சி. தாளில் டீச்சரின் கையெழுத்தை வாங்கி, மடித்து, மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

மதுரையில் வாரியத்தின் மண்டல அலுவலகம் ஒரு மாடிக் கட்டடம். முதல் மாடியில் குளிர்சாதன அறை, நீள மேஜை. விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவர் ராஜாங்கம், வருவாய்த்துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். மற்ற இரண்டு பேரும் காபி வந்தபோது தவிர வாயைத் திறக்கவில்லை. டாக்டர் சாருலதா லேப்டாப்போடு வந்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்துவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். முத்துப்பேச்சி கோடியில் ஒரு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கடையில் லீவு கொடுக்கவில்லை, சொல்லாமல் வந்திருந்தாள்.

திரையில் படத்தைப் போட்டார்கள். தேர்வு அறை, மூன்றாவது வரிசை. முத்துப்பேச்சி எழுதிக்கொண்டிருக்கிறாள். நிறுத்துகிறாள். இடது உள்ளங்கையை மேஜைமேல் தட்டையாக வைத்து அழுத்துகிறாள். நாற்பது நொடி அசையவில்லை. கண் எங்கேயோ பார்க்கிறது. பிறகு எழுத ஆரம்பிக்கிறாள். அவ்வளவுதான் படம்.

“இதுல என்னம்மா தப்பு இருக்கு?” என்றார் ராஜாங்கம்.

“விழிப்பு தப்புன்னு சொல்றதே இல்ல சார்,” என்றாள் சாருலதா. “மேடம் இதைப் பாத்திருந்தா எவ்வளவு சந்தேகப்பட்டிருப்பாங்கன்னு மட்டும் சொல்லும். தொண்ணூத்தேழு. தொண்ணூத்தஞ்சுக்கு மேல போனா பிட்டு கைல சிக்கணும்னு அவசியமில்லன்னு வாரியம்தான் ரூல் போட்டிருக்கு.”

ராஜாங்கம் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் படத்தைப் பார்த்ததும் டீச்சரின் நெஞ்சுக்குள் டக் என்றது உண்மை. இவ்வளவு பலமாக என்றைக்கும் கேட்டதில்லை.

“நான் சந்தேகப்பட்டிருப்பேன்தான்,” என்றாள். “ஆனா பிடிச்சிருக்கமாட்டேன். தண்ணி குடிச்சிட்டு வரச் சொல்லியிருப்பேன். அது உங்க மெஷின்ல இருக்கா டாக்டர்?”

சாருலதாவுக்குப் புரியவில்லை. டீச்சர் தண்ணீர் விஷயத்தை விவரமாகச் சொன்னாள். மூன்று பரீட்சைக் காலம் பட்டை மாட்டிக்கொண்டு நடந்தபோதும் இதைத்தான் செய்தேன், நீங்கள் பார்க்கவில்லையா என்று கேட்டாள்.

“இல்ல மேடம். உங்க மூளை குதிச்ச முதல் அரை நொடியை மட்டும்தான் எடுத்துக்கிட்டோம். அதுக்குப் பின்னாடி வந்ததையெல்லாம் தேவையில்லாத இரைச்சல்னு வெட்டிட்டோம். ஒரு சீசன்ல லட்சக்கணக்கான பதிவு, எதையாவது வெட்டித்தானே ஆகணும்.”

“மூவாயிரம் பேரைச் சந்தேகப்பட்டுப் பதினோரு பேரைப் பிடிச்சவ நான். உங்க மெஷின் எத்தன பேரைப் பிடிச்சிருக்கு?”

“இந்த ஒரு சீசன்ல இருநூத்திப் பதிமூணு.”

டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் சந்தேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு என் மனசை வெட்டிப் போட்டுவிட்டீர்களே என்று சத்தம் போட்டாள். ராஜாங்கம் கையைக் காட்டி அமர்த்தினார். இரக்கம் நல்ல விஷயம்தான், ஆனால் இரக்கத்துக்கு ரூல் கிடையாது, மனுதாரர் தவறு செய்யவில்லை என்று காட்ட ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டீச்சருக்கு எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் டீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம். இந்த உள்ளங்கைக்கு ஏன் தொண்ணூற்றேழு? இதை மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தது நான் எந்த ஆளைப் பார்த்தபோது?

சாருலதா தேடி எடுத்தாள். மூன்று பரீட்சைக் காலத்தில் டீச்சரின் மூளை ஆகப்பெரிதாகக் குதித்த பதினான்கு இடங்கள். வரிசையாகத் திரையில் ஓடவிட்டாள். தலையைத் திருப்புகிறவன், கைக்குட்டைக்காரன், காலடியில் தாளைத் தள்ளுகிறவன் யாரும் அதில் இல்லை. அவர்களுக்கெல்லாம் குதிப்பு சின்னதாம். இந்தப் பதினான்கிலும் ஒரே காட்சி. ஒரு இடது உள்ளங்கை, மேஜைமேல் தட்டையாக, அசையாமல். ஒரு கல்லூரிப் பெண், வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், நெற்றியில் திருநீறு பூசின ஒரு பையன்.

“இதுல ஒரு வேடிக்கை இருக்கு மேடம்,” என்றாள் சாருலதா. “இந்தப் பதினாலு பேர்ல ஒருத்தர்கிட்டகூட நீங்க எதையும் கண்டுபிடிக்கல. இருந்தும் உங்க மூளைக்கு இவங்கமேலதான் ஆகப்பெரிய சந்தேகம். ஏன்னு எங்களுக்கு இன்னும் புரியல.”

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. காபிக்கு இடைவேளை விடுங்கள் என்று கேட்டு வெளியே வந்தாள்.

முப்பத்தேழு வருடம் முன்பு, பி.எஸ்ஸி. கடைசிப் பருவம், முதுகெலும்பற்றவை தாள். முந்தின வாரம் முழுக்கக் காய்ச்சல். இறாலின் இளம்பருவங்கள் மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. நாப்ளியஸ், சோயியா, மைசிஸ் என்று இடது உள்ளங்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக்கொண்டு போனாள். பதினாறு மதிப்பெண் கேள்வி, வந்தது. எழுதினாள். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் முழுக்க அந்தக் கையை மேஜையைவிட்டு எடுக்கவில்லை. கண்காணிப்பாளர் இரண்டு தடவை பக்கத்தில் வந்து நின்றார். நான்கே மதிப்பெண் வித்தியாசத்தில் தேறினாள். அந்தத் தேர்ச்சியில் பி.எட்., பி.எட்.டில் வேலை, வேலையில் கல்யாணம். கட்டின புருஷனிடம் சொல்லவில்லை, பாவ அறிக்கை ஜெபத்தில்கூட அந்த இடத்தைத் தாண்டித்தான் போவாள்.

அப்படியானால் அந்தப் பதினான்கு பேரைப் பார்த்து மூளை குதித்தது சந்தேகத்தால் இல்லை. ‘இவன் திருடன்’ என்று அது சொல்லவில்லை. ‘இது நான்’ என்று சொல்லியிருக்கிறது. மெஷினுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? அவளுக்கே இன்றைக்குத்தான் தெரிகிறது.

முத்துப்பேச்சி பின்னாலேயே வராந்தாவுக்கு வந்திருந்தாள். டீச்சர் சட்டென்று அவள் இடது கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். பார்த்தபிறகு வெட்கமாக இருந்தது. பரீட்சை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, அங்கே என்ன இருக்கும்?

“ஏம்மா, அந்தக் கைய ஏன் அப்படி வச்சிருந்த?”

முத்துப்பேச்சிக்கே தெரியவில்லை. யோசித்தாள். பிறகு தன் துப்பட்டாவை வராந்தா பெஞ்சில் விரித்து, இடது உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, வலது கையால் அளவுகோல் வைக்கிற மாதிரி செய்துகாட்டினாள். துணி நழுவாமல் இருக்க இடது கை எப்போதும் அப்படித்தான் இருக்கும், பத்தொன்பது வருடமாக ஒரு நாளைக்கு இருநூறு தடவை. கணக்குப் போடும்போது கை தானாக அங்கே போய்விடுகிறது போலிருக்கிறது என்றாள். கடையில் பில் போடும்போதும் அப்படித்தானாம், கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்வார்களாம்.

டீச்சர் நம்பினாள். நம்பின கையோடு, இவ்வளவு பொருத்தமாக ஒரு காரணம் இவளுக்கு எப்படிக் கிடைத்தது என்றும் நினைத்தாள். இருபத்தெட்டு வருடப் பழக்கம், எங்கே போகும்?

ஆனால் ராஜாங்கம் இதை ஏற்கமாட்டார் என்பது தெரிந்தது. எல்லாரிடமும் ஒரு காரணம் இருக்கும் என்பார். தொண்ணூற்றேழு என்கிற எண்ணை உடைக்கவேண்டும் என்றால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும். அதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அவளுக்கு ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. நானூறு அறைகளில் நிற்கிற டீச்சராகவே வீட்டுக்குப் போகலாம். இவள் யார் எனக்கு? ஒரு மாதம் முன்பு வரை முகம்கூடத் தெரியாது. டீச்சர் வராந்தாவில் மூன்று தடவை நடந்தாள். பயமாகத்தான் இருந்தது. பரீட்சைக்குக் கையில் எழுதிக்கொண்டு போன அன்றைக்கு இருந்ததைவிடப் பயமாக இருந்தது.

உள்ளே போனதும் உட்காரக்கூட இல்லை.

“இது என் சந்தேகம் இல்ல சார். இது என் குத்தம். நான் பரீட்சையில கைல எழுதிட்டுப் போனவ. இதே மாதிரி கைய மேசைல அமுக்கிட்டு மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன். அந்த மாதிரி கையைப் பாக்கும்போதெல்லாம் என் மூளை என்னையத்தான் பாக்குது. இந்தப் பிள்ளையை இல்ல.”

ராஜாங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவளிடமும் ஆதாரம் கேட்கிற காலம் அது.

ஆதாரத்தை எடுத்தது சாருலதாதான். அரை நொடிக்குப் பிறகு வெட்டிப் போட்ட இரைச்சல் எல்லாம் சர்வரில் எங்கோ கிடந்தது. அந்தப் பதினான்கு இடத்தையும் தோண்டி எடுத்துப் பார்த்தாள். முதல் குதிப்பு அடங்கினபிறகு, பதினான்கிலும் இரண்டாவதாக ஒரு குதிப்பு வந்திருந்தது. முதலாவதைவிடப் பெரியது, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. மற்ற எந்தப் பதிவிலும் அது இல்லை. தன்னைப் பற்றின நினைவு கிளம்பும்போது மூளை இப்படித்தான் செய்யும் என்றாள். சொல்லும்போது அவள் முகம் ஒரு மாதிரி மலர்ந்திருந்தது. மேடத்துக்காகச் சந்தோஷப்படுகிறாள் என்று டீச்சர் நினைத்தாள்.

தடையை ரத்து செய்தார்கள். விடைத்தாளை அமைப்பு ஏற்கெனவே செல்லாததாக்கிவிட்டதால் ஒரு மாதத்துக்குள் தனியாக மறுதேர்வு. முத்துப்பேச்சியின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு ஆறு வாரம் இருந்தது, தப்பித்தாள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் தடவையாக அழுதாள். டீச்சருக்கும் அழுகை வந்தது. யாரையாவது பிடித்துக்கொடுத்த நாளில் இவ்வளவு நிம்மதி இருந்ததில்லை.

நிம்மதி வீட்டுவாசல் வரைக்கும்தான். விஷயம் எப்படியோ பாளையங்கோட்டைக்கு வந்துசேர்ந்தது. பள்ளித் தாளாளர் எழுத்துமூலமாக விளக்கம் கேட்டார். டீச்சர்கள் அறையில் இவள் நுழைந்தால் பேச்சு நின்றது. கண்காணிப்பு வேலை இனி கிடையாது என்று தகவல் வந்தது. இதையெல்லாம் டீச்சர் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது தேவசகாயம். அவர் கோபப்படவில்லை. மூன்று வார்த்தை எழுதினதுக்காகவா இப்படி என்று சிரிக்கத்தான் செய்தார். ஆனால் இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்.

“வேற ஒண்ணும் இல்லல்லா ஜெபா?”

“என்ன வேற?”

“ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டேன்.”

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. ஆனால் அவள் போனில் பேசினால் டிவி சத்தத்தைக் குறைத்தார். பீரோவில் எதையாவது தேடினால் என்ன தேடுகிறாய் என்றார். முப்பத்து நான்கு வருடமாக அவள் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை எங்கே போனது என்று டீச்சருக்கு ஆத்திரமாக வந்தது. கேட்கவும் முடியவில்லை. மறைத்தவள் தானே.

மறுதேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சாருலதா வீட்டுக்கு வந்தாள். பழம், இனிப்பு எல்லாம் வாங்கி வந்திருந்தாள். உங்களால் எங்களுக்குப் பெரிய விடிவு காலம் பிறந்தது மேடம் என்றாள். விழிப்பை நிறுத்திவிட்டார்களா என்று டீச்சர் ஆசையோடு கேட்டாள். நிறுத்தியாகிவிட்டது, இனி கூரையில் கேமரா கிடையாது, கண்காணிப்பாளரே தேவையில்லை என்றாள் சாருலதா. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள்.

“சந்தேகம் எப்பவுமே வெளியிலேர்ந்து பாக்கறது மேடம், அதுல தப்பு வரும். செஞ்சவங்க மூளையிலேயே பாத்துட்டா தப்பு வராது. ஆனா அதுக்கு உண்மையா ஒரு தப்பு செஞ்சு, தானாவே ஒத்துக்கிட்ட ஒருத்தரோட பதிவு வேணும். ஆராய்ச்சிக்கூடத்துல ஆளை உக்காரவச்சுப் பொய் சொல்லுன்னு சொன்னா அது நாடகம்தான். இத்தனை வருஷமா எங்களுக்கு அந்த ஒண்ணுதான் கிடைக்காம இருந்துச்சு. உங்களோட அந்த ரெண்டாவது குதிப்பு, பதினாலு தடவை, சுத்தமா, அதுமேல உங்க வாக்குமூலம். அதை வச்சு மெஷினுக்குப் பழக்கிட்டோம்.”

இனிமேல் தேர்வு எழுத வருகிறவர்கள் தலையில் பட்டை மாட்டிக்கொள்ளவேண்டும். தேர்வு முடிந்ததும் திரையில் நான்கைந்து படம் காட்டுவார்கள். உள்ளங்கை, துண்டுத்தாள், அந்த மாதிரி. செய்தவர் மூளை ஒத்துக்கொண்டுவிடும், செய்யாதவருக்குப் பயமில்லை. மேல்முறையீட்டில் தடை நீங்கின மற்றவர்களையும் சேர்த்து நடத்துகிற மறுதேர்வில்தான் முதலில் பரீட்சித்துப் பார்க்கிறார்கள். முத்துப்பேச்சிக்குக் கடிதம் போய்விட்டது. பட்டை மாட்ட மறுத்தாலும், வராமல் இருந்தாலும், ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படும்.

டீச்சர் எழுந்துவிட்டாள். “நான் இதுக்கா சொன்னேன்?”

“நீங்க சொன்னதாலதான் மேடம் இது நடந்துச்சு. இனிமே முத்துப்பேச்சி மாதிரி யாரும் அநியாயமா மாட்டமாட்டாங்க.” அவள் மனதாரத்தான் அதைச் சொன்னாள், அதில் கள்ளம் இல்லை.

“சரி, அது எந்தத் தப்புன்னு மெஷினுக்குத் தெரியுமா? பரீட்சைல செஞ்சதா, வேற எங்கயும் செஞ்சதா?”

சாருலதா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள். “‘நான் செஞ்சேன்’ங்கிறது மட்டும்தான் இப்போதைக்குத் தெரியும். எதைங்கிறது அடுத்த கட்டத்துல பாக்கலாம்னு இருக்கோம்.”

ஒப்புதலை வாபஸ் வாங்குகிறேன் என்றாள் டீச்சர். அந்தப் பதினாறு கையெழுத்தில் ஒன்று, வாபஸ் வாங்கமாட்டேன் என்பதற்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறீர்கள் மேடம் என்று சாருலதா வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனாள்.

டீச்சர் முத்துப்பேச்சிக்குப் போன் செய்தாள். நீ ஒன்றும் செய்யவில்லை, பட்டைக்குப் பயப்படாதே, போய் எழுதிவிட்டு வா என்றாள். தேர்வு பாளையங்கோட்டையில்தான், நானும் வாசலில் வந்து நிற்கிறேன் என்றாள். முத்துப்பேச்சி சரி டீச்சர் என்றாள். கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருந்தாள். பிறகு வைத்துவிட்டாள்.

மறுதேர்வு அன்றைக்குக் காலை எட்டரை மணிக்கே டீச்சர் கல்லூரி வாசலில் போய் நின்றாள். மொத்தம் பத்தொன்பது பேர். ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு, பட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு ஆள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேஜைமேலேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்துவார்கள். எட்டு ஐம்பத்தைந்துக்கு டீச்சரின் போன் அடித்தது.

“டீச்சர், நான் வரல.”

“எங்க இருக்க? ஆட்டோ பிடிச்சு வா. அஞ்சு நிமிசம் இருக்கு. நான் பேசி நிறுத்தி வைக்கேன்.”

“கடைல இருக்கேன் டீச்சர். வேலைக்கு வந்துட்டேன்.” பின்னால் யாரோ ரவிக்கைத் துணி கேட்கும் சத்தம் கேட்டது. முத்துப்பேச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பரீட்சைல நான் ஒண்ணும் செய்யல. அது சத்தியம். எனக்காக நீங்க உங்க மானத்தையே விட்டுட்டீங்க, அத நான் சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா அந்தப் பட்டைய மாட்டிட்டு ‘நீ செஞ்சியா’ன்னு கேட்டா, என் மனசு பரீட்சைய நினைக்காது டீச்சர். வேற ஒண்ணத்தான் நினைக்கும். அது எனக்கும் சாமிக்கும் மட்டும் தெரிஞ்சது. அது அப்படியே இருந்துட்டுப் போவட்டும். வேலை கிடைக்காட்டாப் போவுது.”

“முத்துப்பேச்சி, வரலன்னா நீ ஒத்துக்கிட்டன்னு எழுதிருவாங்கம்மா.”

“எழுதட்டும் டீச்சர். செய்யாததத்தான எழுதுதாங்க.”

காவலாளி கேட்டைச் சாத்தினான். டீச்சர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். எட்டு தடவை எழுதின பிள்ளை, இனி ஒரு தடவை கிடையாது. நெஞ்சு வலித்தது. தன்னால்தான் என்கிற எண்ணம் வந்து கண் நிறைந்தது. ஏதாவது ஆறுதலாகச் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

வார்த்தை வரவில்லை. ஏனென்றால் அந்த வலிக்கும் முன்னால், கண்ணீருக்கும் முன்னால், முத்துப்பேச்சி சொல்லி முடித்த அந்தக் கணத்திலேயே வேறொன்று வந்துவிட்டுப் போயிருந்தது. டக் என்று. அதை அவள் தெளிவாகப் பார்த்துவிட்டாள்.

அப்படி என்னத்தைச் செய்திருப்பாள் இவள்?